பாதியில் விட்ட டிகிரியை முடிப்பது எப்படி: ஒரு தண்டையார்பேட்டைக் கணக்கு

பீரோவில் துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். முதலில் அதை எடுங்கள். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., காலேஜில் எழுதிய செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு ஃபீஸ் என்பதெல்லாம் அப்புறம். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய் நின்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் விற்க நினைப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

என் கவரில் நாலு செமஸ்டர் இருந்தது. 2006ல் பி.காம். சேர்ந்தேன். 2008ல் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு அடிபட்டது. ஐந்தாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டவில்லை, படிப்பு அங்கேயே நின்றது. பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீஸில் டாகுமெண்டேஷன் வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அதே வேலைதான், நாற்காலி மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது. 2021ல் மறுபடி முதலிலிருந்து சேர்ந்து 2024ல் பட்டம் வாங்கினேன். அதிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு நின்றாலும், "அந்த பி.காம். அக்காவ கேளு" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரே வருசத்துல டிகிரியாம். எக்ஸாமே கெடயாதாம். நாப்பதாயிரம் கேக்குறான். இன்னாக்கா சொல்ற?"

"நாப்பதாயிரத்துக்கு ஒரு பேப்பர் வாங்கப் போற. பிரேம் போட்டு மாட்டிக்கோ, நல்லாருக்கும்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015ல் இதே மாதிரி ஒரு கன்சல்டன்சியில் 8,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவள் நான். "பழைய வருஷத்துல சேந்த மாதிரி என்ட்ரி போட்டுடலாம் மேடம்" என்றார்கள். பேக் டேட் போடுவது என்றால் என்னவென்று தினமும் ஷிப்பிங் பேப்பர் பார்க்கிற எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கொடுத்தேன், அதுதான் வெட்கம். இரண்டு மாதம் கழித்து அந்த மாடியில் வேறு கடை இருந்தது.

சட்டப்படி எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று தெரிந்தால் இந்த வலையில் விழமாட்டீர்கள். இந்தியாவில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமான காலம் மூன்று வருஷம், அல்லது நாலு வருஷம். அதைச் சுருக்க 2024 கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி ஒரு வழி திறந்தது. மூன்று வருஷப் படிப்பை ஐந்து செமஸ்டரிலும், நாலு வருஷப் படிப்பை ஆறு அல்லது ஏழு செமஸ்டரிலும் முடிக்கலாம். ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் கிரெடிட் எடுத்துப் படிக்க வேண்டும். முதல் அல்லது இரண்டாவது செமஸ்டர் முடிவில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். காலேஜ் தன் மொத்த இடத்தில் பத்து சதவீதம் வரைக்கும்தான் இதற்கு ஒதுக்கலாம். நடத்துவதா வேண்டாமா என்பதும் அந்தந்தக் காலேஜ் முடிவு. ஆக, முறைப்படி கிடைக்கிற உச்சபட்ச வேகமே ஒரு செமஸ்டரோ இரண்டு செமஸ்டரோ மிச்சம், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் டிகிரி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி கிரெடிட். படித்த நேரத்துக்கு வைக்கிற கணக்குதான் அது. 2023ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு 40 கிரெடிட். மூன்று வருஷத்துக்கு 120 என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். இந்தக் கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021 ஜூலையில் ஏபிசி என்கிற கிரெடிட் வங்கி வந்தது. சான்றிதழ்களைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். இப்போது அபார் எண் என்றும் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் படித்த கிரெடிட்டை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக அந்த எண்தான் கணக்குப் புத்தகம்.

இங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் தொழிலில், கப்பலிலிருந்து கன்டெய்னர் இறங்கிவிட்டது என்பதற்காகச் சரக்கு கைக்கு வந்துவிடாது. பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பேப்பர் போட்டு, டியூட்டி கட்டி, எடுத்துப் போகலாம் என்று கஸ்டம்ஸ் அவுட் ஆஃப் சார்ஜ் கொடுத்தால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். கிரெடிட்டும் அப்படித்தான். வங்கியில் இறங்கியிருப்பது ஒரு விஷயம், பட்டம் கொடுக்கிற யூனிவர்சிட்டி அதை ஏற்றுக்கொள்வது வேறு விஷயம். பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியாவது பட்டம் கொடுக்கிற இடத்திலேயே எடுத்திருக்க வேண்டும். சேர்த்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் ஏழு வருஷம்தான் ஆயுள். அதைத் தாண்டினால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் கட்டிக்கூட எடுக்க முடியாது. இன்னொன்று, 2021-22 கல்வியாண்டிலிருந்து எடுத்த கிரெடிட்டுக்குத்தான் இந்த வங்கி. என் 2006 செமஸ்டர்களுக்கு அதில் இடமே இல்லை.

அப்படியானால் பழைய செமஸ்டர் எல்லாம் குப்பையா? அவசரப்படாதீர்கள். பழைய மார்க் ஷீட்டுக்கு வேறு எங்கேயும் மதிப்பு தேடுவதற்கு முன்னால், அதைக் கொடுத்த யூனிவர்சிட்டியிடமே போங்கள். மூன்று வருஷமும் உட்கார்ந்து படித்துவிட்டு இரண்டு மூன்று அரியரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் குறுக்கு வழி. காலக்கெடு தாண்டிய பழைய அரியர்காரர்களுக்கு யூனிவர்சிட்டிகள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பு விடும். அந்தச் செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வந்துவிட்டுப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இரண்டே பேப்பருக்காகப் பதினோரு வருஷம் "டிகிரி டிஸ்கன்டின்யூ" என்று பயோடேட்டாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அதட்டி அனுப்பிய பிறகுதான் போய்க் கேட்டார். எழுதினார், முடித்தார். என்னைப் போல பாதியிலேயே நின்றவர்களுக்கு மறுசேர்க்கை உண்டா என்று கேட்க வேண்டும். நான் கேட்டபோது ஆபீஸில் இருந்த அம்மா, "சிலபஸே ரெண்டு தடவ மாறிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதையே 2010ல் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

அடுத்தது பெயர். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். என்னை ஆறு வாரம் அலைய வைத்தது இதுதான். நம் ஊரில் பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகவே வந்து உட்கார்ந்திருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். டிஜிலாக்கருக்கு இந்த உறவுமுறையெல்லாம் புரியாது. ஆதாரில் உள்ள பெயரும் காலேஜ் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து ஏறாமல் நிற்கும். எதை எதற்கு ஒத்து மாற்றுவது என்று குழப்பம் வரும். பத்தாவது மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கேற்ப மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். மார்க் ஷீட்டை மாற்றப் போனால் கெஜட் வரைக்கும் போக வேண்டிவரும். ஆதாரை ஆதார் மையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். இதை அட்மிஷனுக்கு முன்னால் செய்யுங்கள். பரீட்சை எழுதிய பிறகு செய்தால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியாக மன்றாட வேண்டும்.

எங்கே சேர்வது? வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் தோது. 1985ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, இருக்கிறது. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே தமிழிலேயே படிக்கலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. எதுவானாலும் யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்த வருஷத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். யூனிவர்சிட்டி பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, உங்கள் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். 2024லிருந்து அந்தப் பிரிவின் டெப் ஐடி என்று ஒரு எண்ணையும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஏபிசி எண் வேண்டும். "எல்லாம் நாங்களே எடுத்துத் தந்துடுவோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்கிற ஏஜென்டிடம் ஓடிபி சொல்லாதீர்கள். இன்ஜினீயரிங், நர்ஸிங், பார்மஸி, சட்டம் இவற்றைத் தொலைதூரத்தில் நடத்த அனுமதி கிடையாது. தபாலில் பி.இ. என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நான் இக்னோவில் பி.காம். சேர்ந்தேன். மூன்று வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை இழுக்கலாம் என்று விதி. இந்த விதிதான் ஆபத்து. ஆறு இருக்கிறதே என்ற நினைப்பில் ஒரு பேப்பரைத் தள்ளுவோம், அது நாலைத் தள்ளும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேகமான படிப்பு என்பதே மூன்றை மூன்றிலேயே முடிப்பதுதான். நான் கண்டுகொண்ட சூட்சுமம் அசைன்மென்ட். மொத்த மதிப்பெண்ணில் முப்பது சதவீதம் அதற்கு, எழுபது தேர்வுக்கு. அசைன்மென்டில் பாஸாகாவிட்டால் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் அந்தப் பேப்பர் முடியாது. முதல் வருஷம் இரண்டு அசைன்மென்டை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டேன். பரீட்சை பாஸ், கிரேடு கார்டில் மட்டும் முடிக்கவில்லை என்று நின்றது. அடுத்த வருஷத்திலிருந்து அட்மிஷன் முடிந்த வாரமே அசைன்மென்ட் கேள்விகளை இறக்கி, சுவரில் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று எழுதித் தீர்த்தேன். அசைன்மென்ட் எழுதினாலே பாடத்தில் பாதி படித்த மாதிரி. புத்தகம் தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இ-ஞானகோஷ் தளத்தில் இக்னோ பாடமெல்லாம் இலவசமாகவே கிடக்கிறது.

எப்போது படித்தேன் என்று கேட்கிறார்கள். மெட்ரோவில் படிக்கலாம் என்று நினைத்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து நாலாவது ஸ்டேஷன் ஹைகோர்ட், ஒரு பக்கம் முடிப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். ராத்திரி வீட்டில் டிவி, தெருவில் லாரி. விடிகாலை நாலரை மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற வண்டிகள் சத்தம் போட்டு என்னை எழுப்பிவிடும். அதைத் திட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஆறரை வரை யாரும் காபி கேட்கவில்லை. மூன்று வருஷமும் அந்த இரண்டு மணி நேரம்தான். வீட்டில் இடமே இல்லாத பிள்ளைகளுக்கு இப்போது கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் திறந்தது, உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

இது வேலைக்குப் போகிறவர்கள் கதை. காலேஜுக்கு ரெகுலராகப் போகிற பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது, அதை என் அக்கா மகனிடம் பார்த்துத்தான் கற்றேன். ஸ்வயம் என்று மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம், 2017லிருந்து இருக்கிறது. ஐஐடி ஆசிரியர்கள் நடத்துகிற என்பிடெல் பாடங்களும் அதில்தான் வரும். ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் நாற்பது சதவீதம் வரை இதில் எடுத்து முடிக்கலாம் என்று 2021ல் யூஜிசி விதி வந்தது. பாடம் இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம், அவன் எழுதியபோது பாடத்துக்கு 1,000 ரூபாய். 12 வாரப் பாடம் என்றால் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. வாரா வாரம் அசைன்மென்ட் வரும். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டை எடுத்து 25க்குக் கணக்கிடுவார்கள். மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு 75க்கு. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும்: 25ல் 10, 75ல் 30. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்குப் பல பாடங்களின் உரை தமிழிலும் மொழிபெயர்த்துக் கிடைக்கிறது.

அவன் முதலில் எடுத்த பாடத்தில் 78 வாங்கினான், வெள்ளி முத்திரையோடு சான்றிதழ். வீட்டில் பாயசம். காலேஜில் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது நம்ம லிஸ்ட்ல இல்லப்பா" என்றார்கள். எந்த ஸ்வயம் பாடத்தை எந்தப் பேப்பருக்குப் பதிலாக ஏற்பது என்று காலேஜின் கல்விக்குழு செமஸ்டர் தொடங்குமுன்பே முடிவு செய்து வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத பாடத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும், கிரெடிட் கிடைக்காது. அடுத்த தடவை நானே உட்கார்ந்து மெயில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இப்படியே எழுதலாம்:

"ஐயா, நான் இந்தத் துறை, இந்த வருஷம், இந்தப் பதிவு எண். வரும் செமஸ்டரில் இந்தப் பெயருள்ள, இந்தக் குறியீடு உள்ள 12 வார ஸ்வயம் பாடத்தை எடுக்க விரும்புகிறேன். இது நம் பாடத்திட்டத்தில் எந்தப் பேப்பருக்குப் பதிலாக, எத்தனை கிரெடிட்டுக்கு ஏற்கப்படும்? மதிப்பெண்ணை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? பதிலை மெயிலில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

வாயால் சொன்ன "ஆகும்" எதற்கும் உதவாது, துறைத் தலைவர் மாறினால் அந்தச் சொல்லும் கூடவே போய்விடும். மெயிலில் பதில் வந்த பிறகுதான் அவன் பெயர் பதிந்தான். அப்படி மூன்று பேப்பரை முன்கூட்டியே முடித்துவிட்டதில் கடைசி செமஸ்டரில் வாரத்துக்கு இரண்டு நாள் காலேஜ் போனால் போதும் என்றாயிற்று. மற்ற நாளில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனான். பட்டம் சீக்கிரம் வரவில்லை, சம்பளம் சீக்கிரம் வந்தது.

டிப்ளமா படித்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எர்ணாவூர்ப் பையன் ஒருவன், பத்தாவது முடித்து மூன்று வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமா. நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம், லேட்டரல் என்ட்ரி. கலந்தாய்வை காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு இன்ஜினீயரிங் காலேஜ் நடத்துகிறது. "ஒரு வருசம் மிச்சம்க்கா" என்றான். விரல் விட்டு எண்ணச் சொன்னேன். பிளஸ் டூ இரண்டு வருஷமும் பி.இ. நாலும் சேர்த்தால் ஆறு. டிப்ளமா மூன்றும் பி.இ. மூன்றும் சேர்த்தாலும் ஆறு. வருஷம் மிச்சமில்லை, ஆனால் நடுவில் கையில் ஒரு டிப்ளமா இருக்கிறது, வீட்டில் கஷ்டம் வந்தால் வேலைக்குப் போகலாம். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மின்ட் பக்கம் ஐடிஐ முடித்த பிள்ளைகளும் டிப்ளமாவில் இரண்டாம் வருஷத்திலேயே சேரலாம்.

கணக்கில் கெட்டியான பிள்ளையாக இருந்தால் சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பு இருக்கிறது, 2020ல் தொடங்கியது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், அவர்களே நாலு வாரம் பாடம் நடத்தி ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். பாடத்துக்குப் பாடம் பணம் கட்டலாம், 32 கிரெடிட்டில் ஒரு சான்றிதழ், 114ல் பி.எஸ்ஸி., 142ல் பி.எஸ். என்று நடுவில் இறங்கும் படிகளும் உண்டு. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2022லிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதி உண்டு என்பதால், ரெகுலர் காலேஜோடு சேர்த்தே இதைப் படிக்கலாம். வாரா வாரம் விடாமல் உட்கார முடியாதவர்கள் சேர வேண்டாம், அது கருணை காட்டாத படிப்பு.

கடைசியாக எதிர்வீட்டுப் பையன். அவன் கவரையும் தரையில் பரப்பினோம். பத்தாவது மார்க் ஷீட் இருந்தது. பிளஸ் டூ இல்லை, ப்ளஸ் ஒன்னோடு நின்றுவிட்டான். அவனுக்கு வேண்டியது டிஎன்பிஎஸ்சி குரூப் டூ. பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஆயத்தப் படிப்பு ஒன்றைக் கொடுத்து டிகிரியில் சேர்த்துக்கொள்ளும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் உண்டு. பட்டமும் செல்லும், தனியார் வேலைக்கும் ஆகும். ஆனால் தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை வேண்டும். 2009லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். வரிசை தப்பிய பட்டத்தோடு பரீட்சை எழுதி, பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

"அப்ப இன்னாதான் பண்றது?"

"பிளஸ் டூ மொதல்ல. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு, இல்லனா பிரைவேட்டா எழுது. அப்புறம் மூணு வருசம்."

"நாலு வருசமாக்கா?"

"இப்ப உனக்கு இன்னா வயசு?"

"இருவத்தொண்ணு."

"எனக்கு பதிமூணு வருசம் போச்சு."

ஒன்றும் பேசவில்லை. மார்க் ஷீட்டை எடுத்துக் கவருக்குள் போட்டுக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான், கையில் ஆதார் கார்டு. அதில் இனிஷியல் பின்னால் இருந்தது.